நெய் வேண்டாம் என்கிறான் மகன், முகம் வாடுகிறார் மாமியார்

வணக்கம். நாங்கள் காரைக்குடியில் இருக்கிறோம். என் மகனுக்கு 26 வயது. பெங்களூரில் வேலை பார்த்தவன், இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்ய வந்திருக்கிறான். வந்த அன்றே சொல்லிவிட்டான்: கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதுவும் இனி வேண்டாமாம். வீகன் என்கிறான். மாடும் கன்றும் படும் பாட்டைப் பார்த்தபின் மனசு ஒப்பவில்லை என்கிறான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான், அதில் எனக்குக் குறை இல்லை.

மாமியாருக்கு 78 வயது. பருப்புக்கு நெய் ஊற்றப் போனவரின் கையை அவன் தடுத்தான். அன்றிலிருந்து அவர் அவனுக்குப் பரிமாற வருவதே இல்லை. "இத்தனை வருசம் நாங்க போட்டதெல்லாம் பாவமா?" என்று என்னிடம் கேட்கிறார். என் கணவரோ, "தனியா எதுவும் செய்யாதே, பசிச்சா தானா வழிக்கு வருவான்" என்கிறார். நான் இரண்டு சமையல் செய்து இடுப்பு ஒடிகிறேன். கடையில் வாங்கிய பாதாம் பால் டீயில் திரிந்துபோகிறது. தயிர் இல்லாமல் சாப்பாட்டை எப்படி முடிப்பது? மார்கழியில் பிள்ளையார் நோன்பு வருகிறது, நெய் விட்டுப் பிசைந்து, நூல் திரி ஏற்றி எடுத்துக்கொள்ளும் இழை மாவுக்கு என்ன செய்வது? அவன் உடம்பு கெட்டுவிடுமோ என்றும் பயம். சாப்பாட்டு நேரம் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

— காரைக்குடி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அடுப்படியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சமையல் செய்து அலுத்த உடம்போடு யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

தனிச் சமையலை இன்றே நிறுத்துங்கள். உங்கள் ஊர்ச் சைவச் சமையலில் பால் எங்கே நுழைகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். காரக்குழம்பு, மண்டி, துவட்டல், கோஸ்மல்லி, இட்லி, இடியாப்பம், குழிப்பணியாரம் எதற்கும் பால் தேவையில்லை. நெய்யும் தயிரும் பெரும்பாலும் தாளிப்பிலோ இலையிலோதான் வருகின்றன. எல்லாருக்கும் ஒரே குழம்பை நல்லெண்ணெயில் தாளித்து இறக்கிவிட்டு, நெய்க் கிண்ணத்தை இலைக்குக் கொண்டுவாருங்கள். வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ளட்டும். கறி எடுக்கும் நாளிலும் இதே வழிதான். வெங்காயம், தக்காளி, அரைத்த மசாலா வதங்கியதும், கறியைப் போடும் முன்பே அவனுக்கு இரண்டு கரண்டி தனியே எடுத்துவிடுங்கள். அதில் காளானையோ பலாமுசையோ (பிஞ்சுப் பலாக்காய்) பிரட்டலாம். பலாமுசை மஞ்சள், உப்பு போட்டு முக்கால் பதம் மட்டும் வேகவைத்து, நீரை ஒட்டப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். முழுக்க வெந்துவிட்டால் மசாலாவில் நார்நாராகக் கரைந்துவிடும்.

முதல் வாரம் வெண்டைக்காய் மண்டி வையுங்கள். எதையும் மாற்றாமலே அது அவனுக்கு ஆகும். அரிசியை முதலில் கழுவிய நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதாகக் கழுவிய நீரில் 2 கப் எடுத்துக்கொள்ளுங்கள், இதுதான் மண்டி. எலுமிச்சை அளவு புளியை அதிலேயே கரைத்து வடிகட்டுங்கள். கால் கிலோ வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தபிறகு விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. கடுகு, வெந்தயம், 4 வரமிளகாய் தாளித்து, 15 சின்ன வெங்காயம், 8 பல் பூண்டு வதக்கி, வெண்டைக்காயைப் போட்டு மூடாமல் வதக்க வேண்டும். மூடினாலும், உப்பை முந்திப் போட்டாலும் நீர் விட்டு வழவழப்பு கூடும். வழவழப்பு போனபிறகுதான் வேகவைத்த மொச்சை, உப்பு, புளி கரைத்த மண்டி. மண்டியில் அரிசி மாவுச்சத்து இருப்பதால் அடிபிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள். சூட்டில் கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே இறக்கிவிடலாம், ஆறினால் தானாகக் கெட்டியாகும்.

பாதாம் பால் திரிவதற்குக் காரணம் டிகாக்ஷனின் சூடும் அதிலுள்ள புளிப்பும் துவர்ப்பும். பாலிலுள்ள புரதம் அதில் கட்டிக்கொள்கிறது. பாலை முதலில் வெதுவெதுப்பாக்கி டம்ளரில் ஊற்றிக்கொண்டு, கொதி அடங்கிய டிகாக்ஷனை அதன்மேல் மெதுவாக விடுங்கள், பெரும்பாலும் திரியாது. கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காப்பிக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை.

தயிருக்கு நிலக்கடலை கைகொடுக்கும். வீட்டில் யாருக்கும் கடலை ஒவ்வாமை இல்லை என்றால் செய்து பாருங்கள். பச்சைக் கடலை 1 கப், 6 மணி நேரம் ஊறட்டும். தோலை நீக்கி, 3 கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். பொங்கும், அடியும் பிடிக்கும், அதனால் பக்கத்திலேயே நின்று கிளறி 10 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், பச்சை மிளகாயிலிருந்து கிள்ளிய 8 காம்புகளைப் போட்டு மூடிவையுங்கள். உறைய வைக்கும் நுண்ணுயிர்கள் காம்பில் இருக்கின்றன. சூடாக இருக்கும்போது போட்டால் அவை செத்துவிடும், தயிர் உறையாது. காரைக்குடி வெயிலில் 6 முதல் 8 மணி நேரம் போதும், உறைந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் உறையில் கடலை வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் உறை ஊற்றினால் சுவை சீராகும். நிறம் மாறினாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இதைச் சுடுசோற்றில் பிசைந்தால் திரிதிரியாகப் பிரியும், ஆறிய குழைசாதம்தான் சரி. இது செய்ய முடியாத நாளில் நீராகாரம் இருக்கவே இருக்கிறது. உப்புப் போட்டு, தட்டிய சின்ன வெங்காயத்தோடு கொடுங்கள்.

இனி உங்கள் மாமியார். "பாவமா?" என்ற கேள்வியை அவர் உங்களிடம் கேட்டாலும், அது பேரனுக்கான கேள்வி. நெய் ஊற்றிய கை தடுக்கப்பட்டபோது, தன் பாசமே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதாக அவருக்குப் பட்டிருக்கிறது. நீங்கள் இடையில் நின்று எத்தனை சமாதானம் சொன்னாலும் அது ஆறாது. அவன் வாயால் வர வேண்டும். அவனைத் தனியே உட்காரவைத்து இப்படிப் பேசச் சொல்லுங்கள்: "அப்பத்தா, நீங்க செஞ்சதைத் தப்புன்னு நான் சொல்லல. எனக்கு இனிமே மனசு வரல, அவ்வளவுதான். உங்க கைப்பக்குவம் எனக்கு வேணும். தேங்காய்ப்பால்ல பால் பணியாரம் எப்படின்னு சொல்லிக் குடுங்க." சாப்பிடும் இடத்தில் மாடு, பால் பண்ணை பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவன் கொள்கைக்கு நீங்கள் காட்டும் மரியாதையை, அவன் மற்றவர்கள் இலைக்குக் காட்ட வேண்டும்.

பால் பணியாரத்தை வேண்டுமென்றேதான் சொன்னேன். அதில் பதம் சொல்ல ஒரு மூத்தவர் வேண்டும், உங்கள் மாமியாருக்கு அது அத்துப்படியாக இருக்கும். பச்சரிசி, உளுந்து சம அளவு, 2 மணி நேரம் ஊறட்டும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். உப்புப் போட்டதும் உடனே சுட்டுவிடுங்கள். மாவு நீர்த்தாலும் நேரம் கடந்து புளித்தாலும் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். மிதமான தீயில் சீடையைவிடச் சற்றுப் பெரிதாகக் கிள்ளிப் போட்டு, சிவக்கும் முன் எடுத்து, வெந்நீரில் 2 நிமிடம் போட்டு வடித்தால் எண்ணெயும் போகும், உள்ளும் மெதுவாகும். ஒரு தேங்காயின் முதல் பாலில் சர்க்கரை, ஏலக்காய் கலந்து ஊறவிடுங்கள். தேங்காய்ப்பாலை அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள், எண்ணெய் பிரிந்து திரிந்துவிடும். பணியாரத்தின் சூடே போதும்.

இலையில் நெய்க்குப் பதிலாக அவர் கையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுங்கள். பேரனின் பருப்புப்பொடிச் சோற்றுக்கு அவரே ஊற்றட்டும்.

உங்கள் கணவரிடம் வாதம் வேண்டாம். பட்டினி போட்டால் பிள்ளை கொள்கையை விடமாட்டான், வீட்டுச் சாப்பாட்டைத்தான் விடுவான். "இனி ஒரே சமையல்தான், யாருக்கும் தனியாக இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

நோன்பைப் பற்றி ஒரு மாதம் முன்பே மாமியாரிடம் கேளுங்கள். முடிவு அவருடையது. வீட்டு இழை வழக்கப்படியே நெய்யோடு இருக்கட்டும். அவன் பங்கு மாவை மட்டும் தேங்காயெண்ணெய் விட்டுப் பிசையச் சம்மதிப்பாரா என்று பேரனே கேட்கலாம். அவர் மறுத்தால் அவனும் கூடவே நின்று விழுந்து கும்பிடட்டும், இழை எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். அந்த நாளைச் சண்டைக்கு விட்டுவிடாதீர்கள்.

அவன் உடம்பைப் பற்றிய உங்கள் பயத்தில் ஒன்று நியாயமானது. வைட்டமின் பி12 செடிகொடியிலிருந்து நம்பும்படியாகக் கிடைக்காது. அது குறைந்தால் சோர்வு, கைகால் மரமரப்பு, மறதி, மனச்சோர்வுகூட வரும். இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் பி12 மாத்திரையை அவன் தொடர்ந்து எடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு (100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது), எள்ளுப்பொடி. புரதத்துக்கு மொச்சை, தட்டைப்பயறு, உளுந்து தினமும் ஏதாவது ஒன்று. கீரை, பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர நெல்லிக்காயோ எலுமிச்சையோ உதவும். சாப்பிட்டதும் டீ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரம் கழியட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எடை வேகமாக இறங்குவது, வீகன் உணவையும் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போவது, யார் முன்னும் சாப்பிட மறுப்பது, இவை தெரிந்தால் அது கொள்கையைத் தாண்டிய விஷயம், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

உங்கள் படபடப்புக்கு வருகிறேன். மூன்று பேருக்கும் இடையில் தூது போவது நீங்கள்தான், அந்தப் பாரம்தான் சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சில் ஏறுகிறது. இரண்டு வாரம் யாருடைய செய்தியையும் யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். "நீங்களே அவன்கிட்ட கேளுங்க அத்தை" என்று சொல்லிப் பழகுங்கள். மற்ற நேரங்களிலும் படபடப்பு வந்தாலோ, மூச்சுத் திணறல், வியர்வை சேர்ந்துகொண்டாலோ, மனக்கவலை என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் போய் இரத்த அழுத்தம், தைராய்டு, இசிஜி பார்த்துவிடுங்கள்.