மெத்தென்ற ஹெல்மட் நல்லதா?

கேள்வி: மகன் தினமும் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு நகருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். கடையில் இரண்டு ஹெல்மட் காட்டினார்கள். ஒன்றின் உட்புறம் தலையணை போல மெத்தென்று இருந்தது. மற்றதில் மெல்லிய துணிக்கு அடியில் விறைப்பான ரெஜிபோம் (தெர்மக்கோல்). மெத்தென்றதுதான் அடியைத் தாங்குமாம். எதை வாங்க?
- ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: ரெஜிபோம் உள்ளதை வாங்குங்கள். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். விரலால் அமுக்கிப் பார்க்கும் எல்லோருக்கும் வருகிற மயக்கம்தான் இது.

ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தலை தார் வீதியில் மோதுகிறது என்று வையுங்கள். மோதும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். அந்த வேகம் எத்தனை தூரத்துக்குள் அடங்குகிறது என்பதுதான் கணக்கு. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்த தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ரெஜிபோம் 2.5 சென்ரிமீற்றர் நசுங்கி நிறுத்தினால், தலை தாங்குவது புவியீர்ப்பின் 60 மடங்கு. 5 மில்லிமீற்றருக்குள் நின்றால் 300 மடங்கு. இவை சராசரிதான், உச்சம் இன்னும் மேலே போகும். ஐரோப்பாவின் ஈ.சி.ஈ. 22 தரம் சோதனையில் அந்த உச்சத்துக்கே 275 மடங்கு என்று எல்லை வைத்திருக்கிறது.

ஸ்பொஞ் இங்கேதான் கைவிடுகிறது. அது எதிர்ப்பே இல்லாமல் அமுங்கிக் கொடுக்கும். வேகம் குறையாமலே தலை அதைக் கடந்துபோய், கடைசி ஓரிரு மில்லிமீற்றரில் ஹெல்மட்டின் ஓட்டோடு மோதும். ரெஜிபோமோ நசுங்குகிற நேரமெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் எதிர்த்து நிற்கும். அதன் சிற்றறைகள் நொறுங்கி அடியின் சக்தியைத் தின்றுவிடும். ஆனால் பாதித் தடிப்புக்குச் சற்று அதிகமாக நசுங்கியதும் இறுகிவிடும். அதனால் துணியைத் தூக்கித் தடிப்பைப் பாருங்கள், காதோரமும் பாருங்கள். உச்சியில் மட்டும் ஒரு துண்டை ஒட்டி விற்கிறவர்களும் உண்டு. (மீன் பெட்டி ரெஜிபோமை வெட்டி உள்ளே வைக்கலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், ஹெல்மட்டுக்கு அடர்த்தி பார்த்து வார்க்கிறார்கள்.)

இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். 517 முத்திரை இருக்கவேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மட் தனியே ஆடக்கூடாது. பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள்; பிரச்சினை வந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977.

கேள்வி: விபத்தில் ஹெல்மட்டின் வெளியே கீறல் மட்டும்தான். குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து உள்ளே புதுப் பஞ்சு வைத்தால் போதாதா?
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: போதாது. நசுங்கிய ரெஜிபோம் பழைய நிலைக்கு வராது. ஓடு பளபளவென்று இருந்தாலும் அடுத்த அடிக்கு அதனிடம் மிச்சம் இருக்காது. பெற்றோல் பட்டதும் அப்படித்தான், கரைந்து குழி விழுந்துவிடும். பழையதை எறியும்போது பட்டியை அறுத்துவிட்டு எறியுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள்.