சுங்கை சிப்புட்டில் தங்கி மின்னிலக்கக் கலையில் முதுகலை முடிக்கலாமா?

அன்புத் தம்பிக்கு,

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியில் மின்னிலக்கக் (டிஜிட்டல்) கலை சார்ந்த ஆய்வுவழி முதுகலைக்கு இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். பெரியம்மா வீடு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருப்பதால் இங்கேயே தங்கிப் படிப்பை முடிக்க முடியுமா என்றும், பகுதி நேர வேலையில் செலவைச் சமாளிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்து, இதே துறையில் இந்நாட்டில் முதுகலை முடித்து, மணமாகிப் பதினான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: தங்கலாம், முடிக்கலாம். ஆனால் உங்கள் ஆய்வுப் பொருளும் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.

வேலையை நம்பி வராதீர்கள். மாணவர் அனுமதி வைத்திருப்பவர் ஏழு நாள்களுக்கு மேற்பட்ட விடுமுறைகளில் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மிகாமல், பல்கலைக்கழகத்தின் வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி பெற்றே வேலை செய்யலாம். அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, தங்கும் விடுதி போன்ற இடங்களில்தான். அசைவூட்டம், வரைகலை போன்ற நம் துறை வேலைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முதல் ஆண்டுக்கான கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் கையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். இறங்கிய ஏழு நாள்களுக்குள் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த் போய், பெர்ரியில் பினாங்குத் தீவுக்குக் கடந்து, அங்கிருந்து பேருந்து பிடித்தால் பல்கலைக்கழகம். தினமும் போய்வரும் தூரமன்று. ஆனால் ஆய்வு மாணவருக்குத் தினசரி வகுப்பு இருக்காது. மேற்பார்வையாளரைச் சந்திக்கும் நாள்களை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் போதும்.

இனி, நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. ரப்பர் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நிர்க்கதியாக நின்ற காலத்தில், அவர்களுடைய சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அந்தத் தலைமுறை வாழ்ந்த லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபோதும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோதும் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. பினாங்கில் அறை எடுத்துத் தங்கி எதை வேண்டுமானாலும் ஆராயலாம். இதை ஆராய இங்கே இருந்தாக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது, கைவிடப்பட்ட ஒரு லயத்தை நூற்றுக்கணக்கான புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண உருவாக மீட்டெடுக்கும் வேலை. அடுத்தடுத்த இரு படங்களில் பாதிக்கு மேல் ஒரே காட்சி பதிந்திருந்தால்தான், இரண்டிலும் உள்ள பொதுப் புள்ளிகளை மென்பொருள் இணைத்துக்கொள்ளும். வெயிலில் மின்னும் தகரக் கூரையின் பளபளப்பு, நாம் நகர நகரத் தானும் இடம் மாறுவதால் கணக்குத் தப்பிவிடும். காற்றில் ஆடும் செம்பனை மட்டையும் அப்படித்தான். எனவே மேகம் மூடிய, காற்றில்லாத காலைகளுக்காகவே நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

முடித்த உருவை, அதே லயத்தில் வாழ்ந்து பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தை உளியால் கீறிப் பால் எடுத்த, எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவருக்கு மடிக்கணினியில் சுழற்றிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, திரையில் விரலை வைத்து, “இந்தப் படியில குந்தித்தான் உளி தீட்டுவோம். ஓரம் தேஞ்சு பள்ளமா இருக்குமே, அத ஏம்மா மூடிட்ட?” என்று கேட்டார். மூலப் படங்களைத் திறந்து பார்த்தேன். சிமெண்டுப் படியின் வலது ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஒரு பள்ளம் இருந்தது. இடைவெளிகளை நிரப்பி மேற்பரப்பைச் சீராக்கும் கட்டளையை நான் கொடுத்தபோது, மென்பொருள் அதையும் பிழையென்று கருதி நிரவிவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பின் தடத்தை நானே அழித்திருக்கிறேன் என்பது அன்று என்னை உலுக்கியது. என் ஆய்வுக் கேள்வியே அந்த இரவில் மாறியது: தானியங்கிச் சீராக்கத்தில் எவையெல்லாம் காணாமல் போகின்றன, அவற்றை அடையாளம் காட்டக்கூடியவர் யார்?

சில நடைமுறை விஷயங்கள். இங்கே மாலை இடிமழை மிகக் கடுமையானது. ஒரு அக்டோபர் மாலையில் மின்னல் தாக்கி என் கணினியின் தாய்ப்பலகை கருகியது, பதினொரு நாள் வேலை போயிற்று. வானம் இருட்டினால் மின்கம்பியையும் இணையப் பெட்டியின் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஈரப்பதத்தால் லென்சில் பூஞ்சை படியும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலங்களோடு வைப்பது அவசியம். ஊரிலிருந்து கொண்டுவரும் உருண்டைக் கால் பிளக் இங்குள்ள சதுரத் துளைகளில் நுழையாது.

இந்தப் படிப்பை முடிக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் எவரும் படைப்பில் தோற்றவர்கள் அல்லர். படைப்பு கண்முன் முடிந்து நிற்க, அதை விளக்கும் ஆய்வேட்டை எழுத முடியாமல் நின்றவர்கள். நானும் இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டியதை மூன்று ஆண்டுகளுக்கு இழுத்தேன். படம் எடுத்த ஒவ்வொரு நாள் இரவும், எத்தனை மணிக்கு எடுத்தேன், வெளிச்சம் எப்படி இருந்தது, எது சரியாக வரவில்லை, பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். நான் அதைத் தொடங்கியது பாட்டி அந்தப் படியைக் காட்டிய நாளுக்குப் பிறகுதான். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது.