எதிராளியின் முறையில் ஆட்டம் இழுபடுவது பற்றி

மேசையில் ஆடும் உங்கள் அட்டை விளையாட்டை டேப்லெட்டுக்குக் கொண்டுவந்ததில், எதிராளி போடும் ஒவ்வொரு அட்டைக்கும் 'தடுக்கிறீர்களா?' என்று கேட்பதால் ஆட்டம் இழுபடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மேசையில் கண்ணசைவில் முடிகிற விஷயம், திரையில் ஒரு தட்டலாகிவிடுகிறது. 2014இல் வந்த ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் அட்டை விளையாட்டில் எதிராளியின் முறையில் நாம் எதுவும் செய்ய முடியாது. 'ரகசிய' அட்டையை முன்பே வைத்துவிட்டால், நிபந்தனை வந்ததும் அது தானாக வேலை செய்யும். உங்கள் தடுப்பு அட்டைகளையும் அப்படி மாற்றிப் பாருங்கள். கையில் தடுப்பு இருக்கும்போது மட்டும் கேட்கலாம்தான், ஆனால் அந்த ஒரு நொடித் தாமதமே எதிராளிக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், எழுத்தின் அளவு. வெள்ளவத்தையில் அக்கா மகன் விளையாடும்போது கவனித்தேன்: பெரிதாக்கிப் படிக்க அழுத்திய அட்டையை அவன் விரலே மறைத்தது. பெரிதாகும் படத்தை விரலுக்கு மேலே காட்டுங்கள். கணினியில் சுட்டியை அட்டையின் மேல் கொண்டுபோனாலே அது பெரிதானால் போதும்.