இசை இதழின் பொருளடக்கப் பக்க வடிவமைப்பை எப்படி அலசுவது?

நிறம், எழுத்துரு, படங்களின் எண்ணிக்கை என்று தொடங்கினால் அலசல் வெறும் வர்ணனையாக நின்றுவிடும். அந்தப் பக்கத்துக்கு வரும் வாசகர் எதைத் தேடுகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இசை இதழை எடுப்பவர் பெரும்பாலும் ஒரு பெயரைத் தேடித்தான் வருகிறார். பிடித்த பாடகர் அல்லது இசைக்குழுவின் பெயர். கட்டுரைக்கு என்ன தலைப்பு என்பதெல்லாம் அப்புறம்தான். 1952இல் தொடங்கி 2018 வரை வார இதழாக அச்சில் வந்த பிரிட்டனின் என்எம்இ (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. அதன் பொருளடக்கப் பக்கத்தில் ஒரு காலத்தில், அந்த இதழில் வரும் இசைக்குழுக்களை அகர வரிசையில் அடுக்கிப் பக்க எண் கொடுத்த தனிப் பட்டியல் இருந்தது. எங்கோ ஒரு சின்ன விமர்சனத்தில் மட்டும் தலைகாட்டும் குழுவின் ரசிகர்கூட நேராக அங்கே போய்விடலாம். வாசகரை மதித்துச் செய்த வேலை என்று இதைத்தான் சொல்வேன். நீங்கள் எடுத்த பக்கத்தில் தடித்த எழுத்தில் நிற்பது கலைஞரின் பெயரா, கட்டுரைத் தலைப்பா? பெயர் என்றால் அது ரசிகருக்கான பக்கம். தலைப்பு என்றால், தன் எழுத்தை நம்பி வரும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்று இதழ் எண்ணுகிறது.

அடுத்தது படமும் எண்ணும். அட்டையில் இருப்பவரைப் பார்த்துத்தான் பலர் இதழை வாங்குகிறார்கள்; அவர் எந்தப் பக்கத்தில் என்பது ஒரே பார்வையில் கிடைக்கிறதா? பக்க எண்ணைப் படத்தின் மேலேயே பெரிதாகப் போட்டால் கிடைக்கும். போடாவிட்டால், படத்தில் இருப்பது யார் என்று கண்டுபிடித்து, பிறகு பட்டியலில் தேட வேண்டும். கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். எழுத்துகள் மங்கி, கனமான இடங்கள் மட்டும் மிஞ்சும். ஆசிரியர் எதற்கு முதலிடம் கொடுத்தார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

நிறத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அட்டையின் நிறங்கள் உள்ளேயும் தொடர்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

விதியை மீறிய பக்கங்களையும் பாருங்கள். 1980இல் தொடங்கிய ‘தி ஃபேஸ்’ இதழின் வடிவமைப்பாளர் நெவில் பிராடி, ‘கன்டென்ட்ஸ்’ (பொருளடக்கம்) என்ற தலைப்பின் எழுத்துகளை இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார். கடைசியில் அது வெறும் வடிவமாகிவிட்டது. எனக்கு இது மிகவும் பிடித்த சோதனை. தொடர்ந்து வாங்குபவருக்கு அந்தத் தலைப்பே தேவையில்லை. பக்கம் வரும் இடமும் எண்களின் அடுக்கும் போதும். 1992இல் தொடங்கிய ‘ரே கன்’ என்ற அமெரிக்க இசை இதழில் அதன் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் ஒரு நேர்காணல் முழுவதையும் எழுத்தே இல்லாத குறியீட்டு எழுத்துருவில் அச்சிட்டார். கட்டுரையில் அந்தத் துணிச்சல் சரி. பொருளடக்கத்தில் எண்களையும் பெயர்களையும் அப்படிச் செய்தால் வாசகர் வழி தெரியாமல் நிற்பார்.

இன்னொன்று, ஒரே ஒரு இதழை வைத்து எழுதாதீர்கள். அதே இதழின் இரண்டு மூன்று மாதப் பக்கங்களை அருகருகே வையுங்கள். செய்தி, ஆல்பம் விமர்சனம், கச்சேரிப் பட்டியல் போன்ற வழக்கமான பகுதிகள் அதே இடத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். மாறுவது எதுவோ, அதுதான் அந்த மாதத்துக்கென்று எடுத்த முடிவு. உங்கள் அலசலின் பெரும்பகுதி அதைப் பற்றி இருக்கட்டும்.