பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக ரிசார்ட் மெம்பர்ஷிப் வாங்கலாமா?

கேள்வி: எங்களுக்குக் கிருஷ்ணகிரி. கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, பிடித்தம் போக 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்து மாதம் ஆறாயிரம் வரை சம்பாதிக்கிறேன். வீட்டுக் கடன் தவணை 11,500. மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. போன மே மாதம் பெங்களூரில் தீம் பார்க், ஓட்டல் என்று மூன்று நாள் போய் வந்தோம். அந்தச் செலவில் கிரெடிட் கார்டில் இன்னும் 28,000 பாக்கி. மாதம் 3.5 சதவீத வட்டி. மினிமம் தொகை என்று 1,400 கட்டி வருகிறோம். சேமிப்புக் கணக்கில் 40,000 இருக்கிறது.

ஒரு கடையில் கூப்பன் எழுதிப் போட்டதற்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வாருங்கள் என்று ஓட்டலுக்கு அழைத்தார்கள். 25 வருட ரிசார்ட் மெம்பர்ஷிப், 3 லட்சம் ரூபாய், வருடத்துக்கு ஏழு இரவு தங்கலாம் என்றார்கள். முன்பணம் 40,000. மீதிக்கு மாதம் 8,600 வீதம் 36 தவணை. இதுபோக வருடப் பராமரிப்பு 14,000. அன்றே 5,000 டோக்கன் கட்டிவிட்டோம். கணவர் இப்போது தயங்குகிறார். எனக்கோ, லீவு முழுக்கச் செல்போனோடு கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. நகையை வைத்தாவது வாங்கலாமா? சம்மர் கேம்புக்கு இருவருக்கும் சேர்த்து 9,000 கேட்கிறார்கள், அதையும் சொல்லுங்கள்.
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. நகையை வைத்து மட்டுமல்ல, கையில் ரொக்கம் இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நான் மறுக்கவில்லை. வரவுசெலவு இறுக்கும்போது எல்லா வீட்டிலும் முதலில் வெட்டு விழுவது இந்தச் செலவில்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்குகிற மாதிரி இதற்கும் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கத்தான் வேண்டும். அந்தத் தொகை உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

28,000 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 980. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 176. ஆக நீங்கள் கட்டும் 1,400-இல் 1,156 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது. அசலில் கழிவது வெறும் 244. பாக்கி நிற்கும்போது அதே கார்டில் மளிகை வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடும். வருடக் கணக்கில் பார்த்தால் இது 42 சதவீத வட்டி. சேமிப்புக் கணக்கில் தூங்கும் 40,000-க்கு வங்கி தருவது இரண்டரை, மூன்று சதவீதம். அதனால் இந்த வாரமே அதில் 28,000 எடுத்துக் கார்டு பாக்கியை முழுசாக அடைத்துவிடுங்கள். கையிருப்பு 12,000-ஆக இறங்கும். பயமாக இருக்கும்தான். சில மாதங்களில் அதை நிரப்புவதற்கு வழி கீழே சொல்கிறேன். அடைத்ததும் மாதம் 1,400 விடுபடுகிறது பாருங்கள், பிள்ளைகளுக்கான பணம் அதுதான்.

இப்போது மெம்பர்ஷிப்புக்கு வருவோம். முன்பணம் 40,000, தவணைகள் 3,09,600, மூன்று வருடப் பராமரிப்பு 42,000. மூன்று வருடத்தில் 3,91,600 ரூபாய். அதற்குப் பிறகும் 22 வருடம் பராமரிப்புக் கட்ட வேண்டும். அது 14,000-த்திலேயே நிற்காது, ஏறும். எவ்வளவு ஏறும் என்பதற்கு உச்சவரம்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். போகவர டிக்கெட், சாப்பாடு எல்லாம் தனி. இவற்றை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தத் திட்டங்களில் வருடத்தைச் சீசன் சீசனாகப் பிரித்திருப்பார்கள். விலை குறைந்த மெம்பர்ஷிப்புக்குக் கூட்டம் இல்லாத மாதங்கள்தான் கிடைக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மே மாதமும் பரீட்சை விடுமுறைகளும் தவிர வேறு நாளே கிடையாது. அந்த நாட்களுக்குத்தான் எல்லா உறுப்பினர்களும் வரிசையில் நிற்பார்கள். உங்களுக்குச் சொன்ன விலையில் மே மாதம் உண்டா என்று கேட்டீர்களா? உங்கள் மகனுக்கு இப்போது 12. பத்தாவது, பிளஸ் டூ என்று ஆரம்பித்துவிட்டால் அவன் உங்களோடு வரப்போகும் வருடங்கள் எத்தனை? 25 வருடத்துக்குக் கட்டிக்கொண்டு, நாலைந்து வருடம்தான் உபயோகிப்பீர்கள்.

அந்த 14,000 பராமரிப்பு இருக்கிறதே, அதை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் நாலு பேரும் வருடம் முழுக்க ஊர் சுற்றலாம். வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, இடங்களோடு சொல்கிறேன்.

செலவே இல்லாததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போச்சம்பள்ளி சந்தைக்குக் கூட்டிப் போங்கள். ஆளுக்கு நூறு ரூபாய் கையில் கொடுங்கள். மகனிடம் அந்த வாரத்துக்கான காய்கறிச் சீட்டு, மகளிடம் வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி மட்டும். ஒரு நிபந்தனை: குறைந்தது மூன்று கடையில் விலை கேட்டபிறகுதான் வாங்க வேண்டும். மிச்சம் பிடித்தது அவர்களுக்கே. நீங்கள் பத்தடி தள்ளி நின்று வேடிக்கை மட்டும் பாருங்கள், பேரத்தில் தலையிடாதீர்கள். கூறு கட்டி வைத்த தக்காளியில் அடியில் இருப்பது நசுங்கியிருந்தால் அதையும் அவளே கண்டுபிடிக்கட்டும். ஆட்டுச் சந்தைப் பக்கம் நின்றால் எடை போடாமல் கையால் தூக்கிப் பார்த்தே விலை சொல்வார்கள். பையன் வாய் பிளந்து பார்ப்பான். சதவீதக் கணக்கைப் புத்தகத்தில் படிப்பதற்கும், பத்து ரூபாய் குறைத்து வாங்கியதில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று தானே போட்டுப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

மாம்பழ சீசனில் இன்னொன்று. நம் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரர் இல்லாத வீடு அபூர்வம். தோப்பில் காய் பறிப்பதிலிருந்து மண்டியில் விலை போவது வரை ஒரு நாள் கூடவே இருக்கவிடுங்கள். தோட்டத்தில் பெங்களூரா காய் கிலோ என்ன விலைக்குப் போகிறது, மாம்பழக்கூழ் சேர்த்த குளிர்பானம் பாட்டில் கடையில் என்ன விலை என்று இரண்டையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் வித்தியாசம் யார் யாருக்குப் போகிறது என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். கிருஷ்ணகிரியில் வருடந்தோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியையும் விட்டுவிடாதீர்கள். ராட்டினத்துக்கு மட்டும் போய்த் திரும்பாமல், மாம்பழ ரகங்களை வரிசையாக வைத்திருக்கும் அரங்கில் அரைமணி நேரம் நில்லுங்கள்.

கே.ஆர்.பி. அணைக்கு டவுன் பஸ்ஸில் போங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் உங்களுக்கும் மகளுக்கும் டிக்கெட் கிடையாது. சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் நாள் முழுக்கச் செலவு இருநூறைத் தாண்டாது. பூங்காவில் விளையாடிய பிறகு, இந்தத் தென்பெண்ணைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இங்கிருந்து எந்த வயலுக்குப் போகிறது என்று கால்வாய் ஓரமாக நடந்துகொண்டே பேசுங்கள். ஓசூர்ப் பக்கம் போகும் நாளில் தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-இல் பிறந்த வீட்டைப் பார்த்து வரலாம்.

வரலாறு பிடிக்கும் பிள்ளை என்றால் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு பாதி நாள் ஒதுக்குங்கள். அங்கே இருக்கும் நடுகற்களுக்கு முன்னால் மகனை நிறுத்தி, கல்லில் என்ன கதை தெரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். கையில் வில், உடம்பில் தைத்த அம்பு, பக்கத்தில் மாடு. ஊர் மாட்டுமந்தையை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஊரார் நட்ட கல் என்பதை அவனே பாதி கண்டுபிடித்துவிடுவான். தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர்; அதியமான் ஆண்ட அந்த ஊரில் நின்றுகொண்டு அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொன்னால் பாடப்புத்தகத்தில் வந்த பெயருக்கு உயிர் வந்துவிடும். உங்கள் மாவட்டத்திலேயே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். மல்லச்சந்திரம் மலைமேல் பெருங்கற்காலக் கற்திட்டைகள் (இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களால் எழுப்பியவை) நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்க வேண்டிய இடம், நமக்கோ பக்கத்தில் இருப்பதால் தெரிவதில்லை. வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள், தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

கொஞ்சம் செலவாகும் இடம் ஒகேனக்கல். போகும் முன் நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள். காவிரியில் தண்ணீர் கூடினால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள், ஆடி மாதத்தில் இது அடிக்கடி நடக்கும். வண்டி வாடகை கொடுத்துப் போய்த் தூரத்தில் நின்று பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். பரிசலுக்குக் கவுண்டரில் ரசீது வாங்குங்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். மீன் வாங்கிச் சமைக்கக் கொடுப்பதற்கு முன்பே மீன் விலை, சமையல் கூலி, எண்ணெய் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். அந்தப் பேச்சையும் மகனிடமே விடலாம். முதலை மறுவாழ்வு மையத்தைப் பிள்ளைகள் கேட்காமலேயே காட்டுங்கள்.

வருடத்துக்கு ஒரு பெரிய பயணம் வேண்டும் என்றால் என் முதல் ஓட்டு ஜவ்வாது மலைக் காவலூருக்கு. வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1988-இல் கணிதமேதை ராமானுஜன் பெயர் பெற்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது அங்கேதான். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள், ஆனால் மேகமூட்டம் இருந்தால் வானத்தைப் பார்க்க முடியாது. மழைக்காலத்தைத் தவிர்த்து, அனுமதி விவரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பெங்களூருக்கே போகத்தான் வேண்டும் என்றால் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் நேரு கோளரங்கமும் ஒரே நாளில் முடியும். காலை பஸ்ஸில் போய் ராத்திரி வீடு திரும்பினால் ஓட்டல் வாடகை மிச்சம்.

சரி, மாதக் கணக்கு. விடுபட்ட 1,400-இல் ஆயிரத்தை 12 மாத ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில்) போடுங்கள். ஆறரை சதவீதம் என்று வைத்தாலும் வருட முடிவில் 12,400 வரும், பெரிய பயணத்துக்கு அதுதான் எல்லை. ஏப்ரலில் தொடங்கினால் அடுத்த மே மாதத்துக்குத் தயாராக இருக்கும். மீதி 400-ஐ மாதாமாதம் ஒரு சின்னப் பயணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் போகவில்லை என்றால் அடுத்த மாதத்துக்கு 800. பணப்பொறுப்பு மகனிடம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எதற்கு, எவ்வளவு, மீதி என்று நாலு கோடு போட்டுக் கொடுங்கள். பத்து வயது தாண்டிவிட்டதால் அஞ்சலகத்தில் அவன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், 500 ரூபாய் போதும். பயணத்தில் மிஞ்சியதை அவனே வரிசையில் நின்று போட்டு வரட்டும்.

அப்புறம், மெம்பர்ஷிப் தவணைக்கு மாதம் 8,600 கட்ட முடியும் என்று நீங்களே நினைத்திருக்கிறீர்கள். அந்தத் தெம்பை வீணாக்காதீர்கள். அதில் 5,000-த்தை அவசரத் தேவைக்கான கையிருப்பில் சேருங்கள், ஒன்றரை லட்சம் சேரும்வரை நிறுத்த வேண்டாம். 2,000-த்தை மகளுக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். அவளுக்குப் பத்து வயது முடிவதற்குள் கணக்கைத் தொடங்கியாக வேண்டும், அதனால் இதை ஒத்திப்போடாதீர்கள். இப்போதைய 8.2 சதவீதம் நீடித்தால், 15 வருடம் கட்டி 21-ஆவது வருட முடிவில் சுமார் 11 லட்சம் வரும். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், அது மாறலாம். மீதி 1,600 உங்கள் மூச்சுவிடும் இடம்.

சம்மர் கேம்புக்கு 9,000 அதிகம். ஜவகர் சிறுவர் மன்றத்தில் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் மிகக் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள். கோடையில் மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் பயிற்சி முகாம் நடக்கும். மாவட்ட நூலகத்தில் இருவருக்கும் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக அந்த 5,000 டோக்கன். அது போய்விடுமே என்று நினைத்து மீதி 35,000-த்தைக் கட்டிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் பாருங்கள். இன்றைக்கே ‘எங்களுக்கு வேண்டாம், டோக்கனைத் திருப்பித் தாருங்கள்’ என்று மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். போனில் மட்டும் சொன்னால் கையில் ஆதாரம் இருக்காது. ரசீது, கூப்பன், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். தவணைக்கு வங்கியில் தானாகப் பிடிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தால், வங்கிக்குப் போய் அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.