ரஸாவின் கருவட்டம் எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

ஓவியர் சையத் ஹைதர் ரஸாவின் (1922–2016) கலைப் பயணம் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வந்தவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியின் பல வடிவங்களாக இருப்பதால், அதற்கு முதலிலேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: கைபேசித் திரையில் பார்த்ததை வைத்து ரஸாவைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். இரண்டு மீட்டர் அகலமுள்ள கான்வாஸ் உள்ளங்கைக்குள் அடங்கும்போது வண்ணப் பரப்பு மறைந்துபோய் வடிவம் மட்டுமே எஞ்சுகிறது. இவரிடத்தில் வடிவம் என்பது பாதிச் செய்திகூட இல்லை.

கேள்வி (கும்பகோணம், ஓவிய மாணவர்): ரஸாவின் பிந்துவுக்கு (படத்தின் நடுவே அவர் வரையும் கருவட்டம்) என்ன பொருள்? பள்ளி ஆசிரியர் சுவரில் வரைந்த புள்ளிதான் அதன் மூலம் என்கிறார்களே?

பதில்: அந்த நிகழ்ச்சியை ரஸாவே பலமுறை சொல்லியிருக்கிறார். மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, பாடத்தில் மனம் நிலைக்காத சிறுவனை ஆசிரியர் சுவரருகே அழைத்துச் சென்று, ஒரு புள்ளியை இட்டு, அதையே பார்த்துக்கொண்டிருக்கும்படி சொன்னார். கதையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிறுவயதில் கண்ட புள்ளி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1980 வாக்கில்தான் கான்வாஸின் நடுவே வந்து அமர்ந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் அது எங்கே இருந்தது என்று கேட்காமல் விடுவது சோம்பல்.

அது நிலக்காட்சிகளுக்குள் இருந்தது என்பதே என் விடை. ரஸாவின் தந்தை வனத்துறையில் பணியாற்றியவர். நர்மதைக் கரைக்கு அருகே, காட்டை ஒட்டிய சிற்றூர்களில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு இரவு என்றால் அச்சம், கோண்டு பழங்குடி மக்களின் ஆட்டமும் சந்தைநாளின் வண்ணமும் என்றால் ஈர்ப்பு. இந்த இரண்டையும் தன் வாழ்நாளின் மிக அழுத்தமான நினைவுகளாக அவர் குறிப்பிட்டிருக்கிறார். 1950-களின் தொடக்கத்தில் பிரான்சில் வரைந்த ஊர்க்காட்சிகளைப் பாருங்கள்: பெட்டி பெட்டியாக அடுக்கிய வீடுகளுக்கு மேலே ஒரு கறுப்புச் சூரியன் தொங்குகிறது. அப்போது அவர் தாந்திரிக வழிபாட்டு மரபையும் தத்துவத்தையும் பேசவில்லை. தென் பிரான்சின் கான்யு என்னும் மேட்டூரைத்தான் வரைந்துகொண்டிருந்தார். எனவே கருவட்டம் முதலில் ஒரு வானத்தில் தோன்றியது; விதை, ஆதி ஒலி, ஐம்பூதம் என்ற விளக்கங்கள் அதன்மேல் பிறகு வந்து படிந்தன. அவ்விளக்கங்களை அவரும் மனமார ஏற்றுக்கொண்டு பேசினார் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஓவியத்தைப் பார்க்கையில் ‘இது எந்தக் கருத்து?’ என்று தொடங்குவதைவிட ‘இது எந்த இடம், எந்த வேளை?’ என்று தொடங்கினால் அதிகம் கிடைக்கும்.

கேள்வி (வேலூர்): அவர் தொடக்கத்திலிருந்தே அரூப ஓவியரா (கண்ணால் காணும் உருவங்களை அப்படியே வரையாதவரா)?

பதில்: இல்லை. நாகபுரி கலைப்பள்ளியிலும் பிறகு பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பயின்ற அவர், பம்பாய்த் தெருக்களை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றவர். மழையில் நனைந்த சாலை, கூட்டம், கட்டடங்களின் மங்கிய விளிம்பு ஆகியவற்றை மிக லாகவமாக வரைந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்திருந்த வால்ட்டர் லாங்ஹாமர் போன்ற ஐரோப்பியர்கள் அவரை ஊக்குவித்தார்கள். 1947-இல் சூசா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆகியோருடன் சேர்ந்து முற்போக்குக் கலைஞர் குழுவை உருவாக்கியபோதும் அவர் நிலக்காட்சி ஓவியர்தான்.

திருப்பம் 1948-இல் காஷ்மீரில் நேர்ந்தது. அங்கே அவரைச் சந்தித்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், படங்களைப் பார்த்துவிட்டு, திறமை இருக்கிறது, ஆனால் கட்டுமானம் இல்லை, பிரெஞ்சு ஓவியர் செசானைப் படியுங்கள் என்ற பொருள்படச் சொன்னார். பாராட்டுக்குப் பழகியிருந்த ஓர் இளைஞர் அந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு மொழியைக் கற்று, பிரெஞ்சு அரசின் உதவித்தொகையைப் பெற்று, 1950-இல் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதே எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த செய்தி. செசானிடம் அவர் கற்றது மலையையோ ஆப்பிளையோ வரையும் முறையை அல்ல. படத்தின் ஒரு மூலையில் இடும் வண்ணம் எதிர்மூலையில் உள்ள வண்ணத்துக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்பதை. பின்னாளில் அவர் வட்டமும் முக்கோணமும் வரைந்தபோதும் அந்தப் பொறுப்பு தளரவில்லை. 1956-இல் பாரிசின் விமர்சகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை.

கேள்வி (திருநெல்வேலி): பிந்து எதைக் குறிக்கிறது?

பதில்: மேலே முதல் பதிலைப் படிக்கவும்.

கேள்வி (பெங்களூரு, பயிற்சி ஓவியர்): தைல வண்ணத்திலிருந்து அக்ரிலிக்குக்கு (நீரில் கரைத்துப் பூசும் செயற்கைப் பிசின் வண்ணம்) மாறியது அவருடைய பாணியை மாற்றியதா? அமெரிக்கத் தாக்கம் எவ்வளவு?

பதில்: நல்ல கேள்வி, பொருளைத் தொடுகிற கேள்விகள் மிகக் குறைவாகவே வருகின்றன. 1950-களில் அவர் தைல வண்ணத்தைக் கத்தியால் கனமாக அப்பி, வீடு, மரம், தேவாலயக் கோபுரம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரையும்படி வரைந்தார். 1962-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்றபோது அமெரிக்க அரூப ஓவியங்களை நேரில் கண்டார். குறிப்பாக மார்க் ரோத்கோ தமக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன் பிறகு அறுபதுகளில் அக்ரிலிக்கைக் கையாளத் தொடங்கினார். தைல வண்ணம் உலர நாள்கணக்கில் ஆகும். அக்ரிலிக் விரைவில் உலர்ந்துவிடுவதால், கீழே உள்ள நிறம் கலங்காமல் அதன்மேல் அடுத்த நிறத்தை வீச முடியும். தூரிகை ஓடிய வேகம் அப்படியே பதிவாகும். எழுபதுகளின் ‘ராஜஸ்தான்’, ‘லா தேர்’ போன்ற ஓவியங்களில் கறுப்புக்குள்ளிருந்து சிவப்பும் காவியும் வெடித்துக் கிளம்புவதற்கு இந்த உலர்வேகமும் ஒரு காரணம்.

ஆனால் ரோத்கோவோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதே ஆண்டுகளில் அவர் அடிக்கடி இந்தியாவுக்கு வந்து ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் சுற்றினார்; ராஜபுத்திரச் சிற்றோவியங்களை மீண்டும் ஊன்றிப் பார்த்தார். படத்தைச் சுற்றி அழுத்தமான வண்ணக் கரை கட்டுவதும், பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்த மனநிலையை ஒதுக்குவதும் அங்கிருந்து வந்தவை. ரோத்கோவின் வண்ணம் விளிம்பில் கரைந்துபோகும். ரஸாவின் வண்ணம் விளிம்பில் வேலி போட்டுக்கொள்ளும். நீங்கள் வரைகிறவர் என்பதால் சொல்கிறேன்: அச்சுப் படத்தைப் பார்த்து இதைப் பயிலாதீர்கள். அடுக்குகள் அச்சில் தெரியவே தெரியாது.

கேள்வி (ஈரோடு): ரஸா கையொப்பமிட்ட சிறு ஓவியம் ஒன்று குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 2009-இல் டெல்லியில் தம் பெயரில் நடந்த கண்காட்சிக்குச் சென்ற ரஸாவே, அங்கே தொங்கியவை போலி என்று கண்டு சொல்லவேண்டியிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே நிலைமை அது. யாரிடமிருந்து யார் கைக்கு எப்போது மாறியது என்ற ஆவணத் தொடர்ச்சி இல்லாத படத்துக்குக் கையொப்பம் சான்றாகாது.

கேள்வி (மதுரை): கடைசி முப்பது ஆண்டுகள் ஒரே வட்டத்தைத்தானே வரைந்தார்? சந்தை கேட்டது, இவர் கொடுத்தார். இதைக் கலைப் பயணம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: குற்றச்சாட்டில் ஒரு பகுதி சரி. பிந்து ஓவியங்கள் ஏராளம்; அவற்றின் தரம் சீரானதல்ல. கடைசிப் பத்தாண்டுகளின் பல படங்களில் வண்ணம் தட்டையாகி, வட்டமும் முக்கோணமும் கட்டடப் படம்போல் ஆகிவிட்டன என்றே நினைக்கிறேன். ஆனால் ‘சந்தை கேட்டது’ என்பது காலவரிசைக்குப் பொருந்தாது. பிந்து அவருடைய படங்களில் நிலைபெற்றது எண்பதுகளின் தொடக்கத்தில். இந்திய நவீன ஓவியத்துக்குப் பெரும்பணம் புழங்கும் ஏலச் சந்தை அப்போது இல்லை. 1983-இல் வரைந்த ‘சௌராஷ்டிரா’ ஏலத்தில் சுமார் 16.4 கோடி ரூபாய்க்குப் போனது 2010-இல்தான்.

கேள்வி (மீண்டும் மதுரை): ரஸாவின் காலத்து இந்திய அரூப ஓவியர் கெய்தொண்டேயைப் பாருங்கள். ஆண்டுக்கு ஐந்தாறு படங்களுக்கு மேல் வரையமாட்டார். அது தவம், இது உற்பத்தி.

பதில்: குறைவாக வரைவது கெய்தொண்டேயின் இயல்பு, அதை எல்லாருக்கும் அளவுகோலாக்க முடியாது. அவர் ஒரு பரப்பில் வண்ணத்தை உருளையால் ஏற்றியும் நீக்கியும், காத்திருந்து காத்திருந்து வேலை செய்தவர். ரஸாவோ திரும்பத் திரும்பச் செய்வதன் வழியே ஒரு நிலையை அடைய முடியும் என்று நம்பியவர். அதை ஜபத்தோடு ஒப்பிட்டும் பேசினார். ஜபத்திலும் மனம் ஒன்றாத சுற்றுகள் உண்டு. ஒன்றியவை எவை என்று படம் படமாகப் பிரித்துப் பார்ப்பது விமர்சகரின் வேலை. மொத்தமாகத் தள்ளுவது எளிது, அவ்வளவே.

கேள்வி (கோயம்புத்தூர்): மதுரை அன்பருக்கு: ஒரே ராகத்தை வாழ்நாள் முழுதும் பாடுபவரை ‘உற்பத்தி’ என்று சொல்வீர்களா?

பதில்: துணைக்கு வந்ததற்கு நன்றி, ஆனால் இந்த வாதம் உதவாது. ஒரே ராகத்தைப் பாடினாலும் சலிப்பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மதுரை அன்பர் கேட்பது திரும்பச் செய்யலாமா என்பதை அல்ல, திரும்பச் செய்ததில் ஏதாவது புதிதாக விளைந்ததா என்பதை.

கேள்வி (மீண்டும் மதுரை): அதேதான். விளைந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு காட்டுங்கள்.

பதில்: 1981-இல் வரைந்த ‘மா’ (அம்மா). ஊர் திரும்பும்போது என்ன கொண்டுவருவேன் என்று மகன் தாயிடம் கேட்கும் அசோக் வாஜ்பேயியின் இந்திக் கவிதை வரி, தேவநாகரியில் அந்தப் படத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாரிசில் முப்பது ஆண்டுகள் கழித்த ஒருவர் பிந்துவை அந்த வரியோடு சேர்த்து வைக்கும்போது, அது தியானத்துக்கான குறியாக மட்டும் நின்றுவிடாமல், விட்டுவந்த ஊரின் அளவாகவும் ஆகிறது. அடுத்தது, மேலே சொன்ன ‘சௌராஷ்டிரா’: 200 செ.மீ. சதுரமான அந்தக் கான்வாஸில் எழுபதுகளின் ஆவேசமான தூரிகை வீச்சும் எண்பதுகளின் கட்ட ஒழுங்கும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் மோதுகின்றன. அந்த மோதல் இருக்கும்வரை பிந்து உயிரோடு இருந்தது. ஒழுங்கு முழுதும் வென்ற பிறகு படம் இளைத்தது. நீங்கள் வெறுப்பது அந்தப் பிற்பகுதியை. அதில் உங்களோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. ஆனால் பிற்பகுதியைக் கொண்டு 1978 முதல் 1990 வரையிலான படங்களைத் தண்டிப்பதை ஏற்கமாட்டேன். இவற்றையும் திரையில் பார்த்துவிட்டு மறுமொழி எழுதவேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): குண்டலினிச் சக்கரங்களுக்கும் ரஸாவின் நிறங்களுக்கும் உள்ள தொடர்பை விளக்குங்கள்.

பதில்: அது யோகம் கற்பிப்பவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி. ஐந்து அடிப்படை நிறங்களை ஐம்பூதங்களோடு இணைத்து அவர் பேசினார் என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி (நாகூர்): இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர் இத்தகைய குறியீடுகளை எடுத்துக்கொண்டது எதிர்ப்பைச் சந்திக்கவில்லையா?

பதில்: எதிர்ப்பைவிட அவருடைய விருப்பத்தைப் பேசுவது பயன்தரும். பிரிவினையின்போது குடும்பத்தினர் பாகிஸ்தானுக்குப் போனார்கள், அவர் போகவில்லை. பின்னர் அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தபோதும் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றுக்கும் மனத்தடையின்றிச் சென்றவர். மனைவி ஜனீன் மோன்ழிலா என்ற பிரெஞ்சு ஓவியர் 2002-இல் மறைந்தபின், 2010 இறுதியில் டெல்லிக்குத் திரும்பி, முதுமையிலும் வரைந்தார். 2016 ஜூலை 23-இல் இறந்தபோது, விருப்பப்படியே மண்ட்லாவில் தந்தையின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். இட நினைவே அவருடைய மூலம் என்று நான் முதலில் சொன்னதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம்): பிந்துவின் பொருள் என்ன?

பதில்: முதல் பதில். இனி இக்கேள்விக்கு விடை எழுதமாட்டேன்.

கேள்வி (சென்னை): சென்னையின் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தாரின் குறியீட்டு ஓவியங்களும் ரஸாவின் ஓவியங்களும் ஒன்றுதானா?

பதில்: இல்லை, காலத்தில் சென்னை முந்தியது. அக்கிராமத்தை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை 1963-இலேயே தொடங்கிவிட்டார். சோழமண்டலக் கலைஞர் கிராமம் 1966-இல் தோன்றியது. பிற்காலத்தில் பணிக்கரையும் ரஸாவையும் ‘நவ தந்திரம்’ (தாந்திரிகக் குறியீடுகளைக் கையாளும் நவீன ஓவியம்) என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டார்கள். பணிக்கர் ஜாதகக் கட்டத்தையும் கணக்குக் குறிகளையும் எழுத்துபோல் பரப்பி, படிக்க முடியாதபடி செய்தார். அவரிடம் கோடு பேசும். ரஸாவிடம் நிறம் பேசும். தனி அமர்வுக்கு உரிய பொருள் இது. பணிக்கரை நெருங்கி ஆராய்ந்தவர் ஒருவர் நடத்தினால் நானும் கேள்வி கேட்க வருவேன்.

கேள்வி (கடலூர்): இதை என் மகளும் வரைவாளே?

பதில்: வரையட்டும். நல்லதுதான்.

கேள்வி (திருச்சி): மூல ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

பதில்: டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்திலும். ‘சௌராஷ்டிரா’ இரண்டாவதில் உள்ள தொகுப்பைச் சேர்ந்தது; எல்லாப் படங்களும் எப்போதும் காட்சியில் இருப்பதில்லை என்பதால், புறப்படும் முன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், பிறகு தூரிகைத் தடம் தெரியும் தொலைவுக்கு வாருங்கள். படம் எடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.