யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் மதகுருமார் மனித உரிமை பற்றிப் பேசுவதில் மலையகத்துக்கு என்ன இருக்கிறது?

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் யூதரே இல்லை, அப்புறம் இந்தப் பேச்சு நமக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மூன்று மதத்தாருக்கும் பொதுவான பேச்சு ஒன்று நேரே தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தில் வந்து நிற்கிறது.

கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்கிறது யூதரின் வேதமான தோராவின் லேவியராகமம். அறுவடைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் புதிய ஏற்பாட்டின் யாக்கோபு. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்பது நபிமொழி. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழித்து, அளவு குறைந்ததால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கெல்லாம் விளக்கவுரை தேவையில்லை.

சரி, கூலியில் ஒத்துப்போவது சுலபம். மதமாற்றம், பெண்ணுரிமை என்று வந்தால் குரல் மாறும். உரையாடலே அங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

நம் ஊர் உரையாடல் மேசையில் யூத குருவான ரப்பிக்குப் பதில் இந்துக் குருக்களும் பௌத்த பிக்குவும் இருப்பார்கள். கண்டியில் கத்தோலிக்க இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதயம் என்ற அமைப்பு சிங்களவரையும் தமிழரையும் சேர்த்து வைத்தே தோட்ட மக்களின் உரிமையைப் பேசியது. பேசுவதற்கு விஷயமும் நிறைய இருந்தது. ஒவ்வொருவருக்கும் குடியுரிமை உண்டு என்று ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை சொன்னது 1948 டிசம்பரில். அதே ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இலும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.